பன்னிரண்டு வோல்ட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம்

1

எல்லாம் அந்த பேட்டரிக் கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசியதால் வந்தது.

கேள்வி கேட்டது நான். வேன் என் பெயரில் இருக்கிறது. இரண்டாவது பேட்டரியை எங்கே வைக்கலாம் என்று குனிந்து, சீட்டுக்கு அடியில் கையைவிட்டு அளந்து காட்டியதும் நான்தான். ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு பதிலையும் என் தலைக்கு மேலாக, எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தேவாவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், இது பல்பு மாற்றுகிற வேலை இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். கெட்டவர் இல்லை. கேலி செய்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வேனில் ஏறி உட்கார்ந்ததுமே தேவாவிடம் சொல்லிவிட்டேன்.

"இத்த நானே பண்றேன்."

"வேணாம் ரூபி. இந்த ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் வந்து நிப்பான்."

"பன்னெண்டு வோல்ட்டுங்க. படிச்சுப் பாத்துட்டேன். வீட்டு வயரத் தொட்டாத்தான் குத்தம். வண்டியில ஓடற பன்னெண்டு வோல்ட்டுக்கு இங்க எவனும் என்கிட்ட லைசென்ஸ் கேக்க முடியாது."

அவர் வண்டியைக் கிளப்பினார். அடிலெய்டில் சனிக்கிழமை காலைப் போக்குவரத்து எப்போதும்போல மரியாதையாக நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு யாரையாவது பார்த்து ஹார்ன் அடிக்கவேண்டும்போல இருந்தது.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது என்ன விவகாரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்காரர்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, நாள்கணக்கில் கடற்கரையிலோ காட்டிலோ போய்ப் படுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் கேம்பிங். திருவள்ளூரில் அமாவாசைக்கு முந்தின நாளே வேன் கட்டிக்கொண்டு வந்து, கோயிலைச் சுற்றிப் பாய் விரித்துப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஜனங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. இங்கே சாமி மட்டும்தான் கிடையாது.

அப்படிப் போகிற இடத்தில் கரண்ட் இருக்காது. வண்டி பேட்டரியில் விளக்கு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் ஓட்டினால் விடிந்ததும் செல்ஃப் எடுக்காது, நடுக்காட்டில் நிற்கவேண்டியதுதான். அதனால் வண்டியில் இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்வார்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜினை நிறுத்தியதும் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இரண்டையும் பிரித்துவிடும். இரண்டாவதை ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொள்ளலாம், முதல் பேட்டரியில் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. அவ்வளவுதான் விஷயம்.

பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றால், தேவாவின் மூச்சுக்காக.

இரண்டு வருஷத்துக்கு முன்வரை அதைக் குறட்டை என்று நினைத்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். டாக்டர்தான் படுக்கவைத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இனி ஒரு ராத்திரிகூட மெஷின் இல்லாமல் தூங்கக்கூடாது. மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் காற்றை அழுத்தி அனுப்பும் சின்ன மெஷின். ராத்திரி முழுக்க அதற்குக் கரண்ட் வேண்டும். அது வந்த நாளிலிருந்து தேவா வெளியே எங்கேயும் தங்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மெல்போர்ன் போனபோதுகூட நானும் மகளும்தான் போனோம். அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். அந்த மாஸ்க்கோடு யாரும் பார்த்துவிடக்கூடாது என்பது ஒன்று. பயம் இன்னொன்று.

எங்கள் மகள் ஷைனி பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். பிப்ரவரியில் மெல்போர்னுக்குப் படிக்கப் போகிறாள். போனால் அங்கேயே வேலை, அங்கேயே வீடு என்றுதான் இந்த ஊரில் பிள்ளைகள் போகிறார்கள். அதைச் சொல்லி அழுவதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் போவதற்கு முன் மூன்று பேரும் ஒரு முறையாவது சேர்ந்து எங்கேயாவது போகவேண்டும் என்று கேட்டேன். அவள் ஒரு கடற்கரையைச் சொன்னாள். அரை நாள் வண்டி ஓட்டவேண்டும். மணல்மேட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பைப்பில் தண்ணீர் வரும். கரண்ட் கிடையாது.

"கரண்ட் இருக்கற எடமாப் பாக்கலாமே பாப்பா" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ புக் ஆயிடுச்சும்மா. அப்பாக்கு எப்படியும் வரமுடியாதுல்ல? இட்ஸ் ஓகே. நான் ஃப்ரெண்ட்ஸோட போய்க்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்பதுபோலச் சொன்னாள். தேவா சோபாவில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த மனுஷர் அந்த மணலில் வந்து தூங்கத்தான் போகிறார் என்று.

3

"ஊர் ஞாபகம் வருமா?" என்று இங்கே வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். பச்சை வயல், வரப்பு, கொக்கு என்று நான் உருகவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆரம்பாக்கத்தில் வயல் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எங்களுடையது இல்லை, அவ்வளவுதான். நைனாவும் அம்மாவும் அதில் கூலிக்கு இறங்கினார்கள். பச்சைப்பசேல் என்று யாராவது எழுதினால் எனக்கு அம்மாவின் கால் விரலிடுக்கில் ஆறாமல் இருந்த சேற்றுப்புண்தான் ஞாபகம் வருகிறது. நிலம் வைத்திருந்தவர்கள் தாராளமாக உருகட்டும். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது, கிடையாது என்று சொல்ல வெட்கமும் கிடையாது.

எனக்கு ஏக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தகர ஷெட்டுக்குத்தான். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து கூலி வேலைக்குப் போகாமல் காலை ரயிலில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போன முதல் பெண் நான். கோடையில் அந்த ஷெட் வேகும். ஈயப் புகை கண்ணைக் கரிக்கும். நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனால் அங்கே யாரும் என்னை "ஏ புள்ள" என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டு வேளையில் எல்லா டப்பாவும் ஒரே மேஜையில் திறந்தது. சம்பளத்தைவிட அந்த மேஜைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் லைனின் கடைசியில் ஒரு பலகை இருக்கும். பலகை முழுக்கப் பல்புகள். இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் பூட்டி முடிந்ததும் முதலில் அந்தப் பல்புகளில்தான் மாட்டவேண்டும். பல்பு ஒழுங்காக எரிந்தால்தான் அடுத்த மேஜைக்குப் போகும். எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும், முதலாளியே வந்து நின்றாலும், முதலில் பல்பு. போனால் பல்பு போகட்டும் என்பதுதான் கணக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் என் கை அதை மறக்கவில்லை.

தேவா காக்களூரில் லேத் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கம்பெனி இன்னும் நடக்கிறது. முத்திரை வைத்து அனுபவச் சான்று கொடுத்தார்கள். அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் ஆள் தேவைப்பட்டது. நான் மனைவி என்ற கணக்கில் கூட வந்தேன். வந்த புதிதில் என் தொழிலுக்கும் விண்ணப்பித்தேன். ஒரு பெண்மணி ஃபோனில் மிகவும் இனிமையாகப் பேசினார். நீங்கள் வேலை பார்த்த நிறுவனம்? மூடிவிட்டார்கள். உங்கள் மேற்பார்வையாளர்? ஒடிசாவுக்குப் போய்விட்டார். வேறு யாராவது உறுதிப்படுத்துவார்களா? கூட நின்ற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேற்பார்வையாளர்கள் இல்லையே. மன்னிக்கவும், சரிபார்க்க முடியாத அனுபவத்தை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. வேண்டுமானால் பயிற்சிக்காரராக முதல் வருஷத்திலிருந்து தொடங்கலாம். இடுப்பில் குழந்தை, கையில் ஃபோன், நான் "தேங்க் யூ" சொல்லி வைத்தேன்.

இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் இருக்கிறேன். அந்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன். அதுதான் இந்த வேனை வாங்கிக் கொடுத்தது. ஆனால் யாராவது "ஊரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு வரி மனப்பாடமாக வைத்திருந்தேன். "ஐ யூஸ்ட் டு டூ சம் எலெக்ட்ரிக்கல் திங்ஸ்." ஏதோ முன்பு கொஞ்சம் செய்வேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

4

கவரைப்பேட்டையில் என் தம்பி சாம்சன் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறான். ஹைவே ஓரம் தார்ப்பாய் கட்டிய கடை. ஆந்திராவுக்குப் போகிற லாரியெல்லாம் அவன் வாசலில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் போகும். இங்கே சனிக்கிழமை மதியம் என்றால் அங்கே அவன் டீ குடித்துக்கொண்டே கடை திறக்கிற நேரம். வீடியோவில் கூப்பிட்டேன். ஷைனியிடம் ஃபோனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"இன்னாக்கா, பேட்டரியத் தூக்கிக்கினு நிக்கிற? மாமா எங்க?"

"மாமா உள்ள கீறாரு. நீ இத்தப் பாரு. சீட்டுக்கு அடியில எடம் கீது. ரெண்டாவது பேட்டரி இங்க ஒக்காருமா?"

"ஜம்முனு ஒக்காரும். வண்டி புச்சா, பழசா?"

"பழசு."

"அப்ப பேஜாரே இல்ல. புது வண்டின்னா டைனமோ கம்ப்யூட்டரக் கேட்டுக்கினுதான் சார்ஜ் உடும். பழசு ராஜா மாதிரி, யாரையும் கேக்காது."

ஷைனி ஃபோனுக்குப் பின்னால் சிரித்தாள். "அம்மா, மாமாகிட்ட பேசும்போது நீ வேற ஆளு. யூ சவுண்ட் லைக் எ டிஃபரன்ட் பர்சன்." நான் ஆல்டர்னேட்டர் என்று சொல்லிப் பழகியிருந்ததை அவனிடம் டைனமோ என்று சொல்கிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் செல்ஃப் என்கிறேன். ஒருமுறை இங்கே ஒரு கடையில் "செல்ஃப் எடுக்கவில்லை" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி, அந்தப் பையன் எனக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என்ன செய்ய, நல்ல பையன்.

"வேற ஆளு இல்லடி. இதான் நான். மத்ததெல்லாந்தான் வேற ஆளு" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஃபோனைக் கொஞ்சம் நேராகப் பிடித்தாள்.

இரண்டு சனிக்கிழமைகள் இப்படிப் போயின. பேட்டரியை உட்காரவைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். பின்பக்கம் தேவா படுக்கிற இடம்வரை தடித்த கேபிளை இழுத்து, உரசுகிற இடமெல்லாம் குழாய் மாட்டினேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். சாம்சன் அங்கே லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே, "கேபிளு லூசா கீது பாரு, இஸ்து கட்டு" என்று கத்துவான். அவன் சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

மூன்றாவது சனிக்கிழமை ஐசொலேட்டர் இன்னும் தபாலில் வந்து சேரவில்லை. அது வருவதற்குள் பேட்டரி பக்கத்தை முடித்துவிட்டு, பின்பக்கம் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். இந்த வேனில் வண்டி பேட்டரியும் சீட்டுக்கு அடியில்தான்; இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. ஷைனி ஃபோனைப் பிடிக்க, சாம்சனுக்குக் காட்டினேன்.

"சூப்பர்க்கா. லிங்க் கேபிளப் போட்டுடு. அத்தோட பிளஸ்ஸு, இத்தோட மைனஸ்ஸு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை போட்டுவிட்டது.

இதைச் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். லாரியில் எப்போதும் இரண்டு பேட்டரி. ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸ்ஸோடு கோத்தால் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. லாரிக்கு அதுதான் வேண்டும். எங்கள் லைனில் பூட்டிய பெரிய இன்வெர்ட்டருக்கும் இரண்டு பேட்டரி, அதற்கும் இருபத்துநாலு. ஆக கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் இரண்டு பேட்டரி அருகருகே உட்கார்ந்தால் கோத்துவிட வேண்டியதுதான், யோசிக்கவே வேண்டாம். அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இந்த வேனுக்கு வேண்டியது வெறும் பன்னிரண்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஃபோனில் சாம்சன் போட்ட சத்தம் கேட்டு தேவா வெளியே வந்தார். கையில் மெஷின். அவராகவே எடுத்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லிமுடியாது.

"முடிஞ்சுதா? இத்தச் செருகிப் பாத்துடலாமா?"

"இருங்க. மொதல்ல பல்பு."

"அதான் சாம்சனே சூப்பர்னு சொல்லிட்டானே, ரூபி."

"அவன் சொல்லுவான். மொதல்ல பல்பு."

பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் வயர் பற்றவைத்து வைத்திருந்தேன். பின்பக்க இணைப்பில் மாட்டினேன். பல்பு மஞ்சளாக எரியவில்லை. வெள்ளைவெளேர் என்று ஒரு வெளிச்சம் அடித்து, டப் என்று அணைந்தது. கண்ணாடிக்குள் புகை சுழன்றது.

"அக்கா? இன்னாக்கா ஆச்சு? இன்னா சவுண்டு?" ஃபோனில் சாம்சன்.

மீட்டரை வைத்துக் காட்டினேன். இருபத்தைந்தைக் காட்டியது.

அங்கே அவன் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்டது. "ஐயையோ, லாரின்னு நெனச்சிக்கினேன்கா! காலைலேந்து ரெண்டு லாரிக்குப் போட்டேன், அதே கையோட உனுக்கும் சொல்லிட்டேனே!"

தேவா கையில் இருந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்போது செருகியிருந்தால் பல்புக்கு ஆனதுதான் அதற்கும் ஆகியிருக்கும். பிறகு மெதுவாக, "நான் வரல ரூபி. நீயும் பாப்பாவும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் ஷைனி. "ஜஸ்ட் பே சம்படி. காசு குடுத்து யாரையாவது செய்யச் சொல்லலாம்."

ஃபோனை சீட்டில் வைத்துவிட்டு அவளும் போனாள். சாம்சன் கொஞ்ச நேரம் வேன் கூரையைப் பார்த்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டான்.

வேன் படியில் உட்கார்ந்தேன். அழுதேன், அதை மறைக்கவில்லை. அந்தக் கடைக்காரர் சிரித்தது ஞாபகம் வந்தது. அந்த இனிமையான பெண்மணியின் குரல்கூட ஞாபகம் வந்தது. அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததும் எனக்கு என்மீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

"இத்தப் பாருங்க. எரிஞ்சுது இன்னா? பல்பு. உங்க மெஷின் எங்க கீது? உங்க கையிலதான் முழுசா கீது. நான் தப்புப் பண்ணேன். தப்பு இருந்தா மாட்டட்டும்னுதான் பல்பு போட்டேன். கடைக்காரன் தப்பே பண்ணமாட்டான்னு உங்களுக்கு எவன் சொன்னான்? அவன் பல்பு போட்டுப் பாப்பானா, உங்க மெஷினப் போட்டுப் பாப்பானா?"

தேவா நிமிரவே இல்லை. "எனக்குக் கரண்டு மேல பயம் இல்ல" என்றார். "படுக்கறப்பல்லாம் எழுந்துருப்பமான்னு ஒரு பயம். ரெண்டு வருஷமா தெனம் அந்த பயத்தோடதான் படுக்கறேன். வீட்லயே இப்படி, அங்க மணல்ல எப்படி? உனக்குத் தெரியாது ரூபி."

"தெரியாதா?" என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "டாக்டரு சொன்னதுலேந்து மெஷின் வர்றவரைக்கும் உங்க பக்கத்துல ஒக்காந்துக்கினு, அடுத்த மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கினு கெடந்தது யாரு? நீங்க நிம்மதியா குறட்டை உட்டீங்க. பயந்தது நான்."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். வாசலில் ஷைனி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இந்தக் கதை அவளுக்குத் தெரியாது, நாங்கள் சொன்னதில்லை.

6

திங்கட்கிழமை ஐசொலேட்டர் வந்தது. சாம்சன் கடையை மத்தியானத்திலேயே சாத்திவிட்டு, வேலை முழுக்க வீடியோவிலேயே உட்கார்ந்திருந்தான். இந்த முறை ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். பிளஸ் பிளஸ்ஸோடு. நடுவில் ஐசொலேட்டர். மைனஸ் இரண்டும் பாடியோடு. சாம்சன் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது.

புதுப் பல்பு மாட்டினேன். மஞ்சளாக எரிந்தது. இன்ஜினை ஓட்டியபோது இரண்டும் சேர்ந்தன. நிறுத்திப் பார்த்தபோது இரண்டும் பிரிந்தன. பல்பை அன்று ராத்திரிவரை எரியவிட்டு, பிறகு சாவியைத் திருகினேன். ஒரே செல்ஃப்பில் வண்டி எடுத்தது.

"கெளம்பறப்ப டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுக்கோக்கா."

"நாம சர்ச்சுக்குப் போறவங்கடா."

"பேட்டரிக்கு இன்னாக்கா மதம்?"

தேவாவை வழிக்குக் கொண்டுவர பிரியாணி தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், "மத்தியானத் தூக்கம் மட்டும் வேன்ல போடுங்க. நான் படியிலயே ஒக்காந்துக்கறேன்" என்றேன். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வேனில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். முதலில் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தார். பிரியாணி ஜெயித்தது. மெஷின் வீட்டில் ஓடுவதுபோலவே சீராக ஓடியது. நான் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் தன் நாயோடு வந்தவர், வேனுக்குள் படுத்திருக்கும் தேவாவையும் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறதா, கண்ணு? யாரிடமாவது பேசவேண்டுமா?" என்று என் தோளைத் தொட்டுக் கேட்டார். நான் தேவாவை வீட்டைவிட்டு விரட்டிவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போல. வெங்காயத்தைத் தூக்கிக் காட்டினேன்.

எழுந்ததும் தேவா மாஸ்க்கைக் கழற்றி, குழாயைச் சுற்றி வைத்தார். "எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்றார். "டீ நேரம் ஆச்சு" என்றேன். ஷைனியைக் கூப்பிட்டு, அந்தக் கடற்கரைக்கு எத்தனை பேர் என்று பதிவு செய்யவேண்டும் என்று கேட்டார். அவள், "த்ரீ?" என்றாள். அவர் தலையாட்டினார்.

இந்த இடத்தில் நான் இரண்டு பேட்டரியையும் இரண்டு நாட்டோடு ஒப்பிட்டு ஏதாவது எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஒன்று தாய்நாடு, ஒன்று வந்த நாடு, நடுவில் நான் ஐசொலேட்டர் என்றெல்லாம். எழுதமாட்டேன். பேட்டரி பேட்டரிதான். அதை நான் மாட்டினேன், அது வேலை செய்தது, அதைத்தான் எழுத வந்தேன்.

7

கடற்கரையில் போய்ச் சேர்ந்தபோது காற்று வேனைப் பிடித்து ஆட்டியது. கூடாரம் அடிக்கத் தெரியாமல் தேவாவும் ஷைனியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு அடித்தார்கள். சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மூடியைத் திறந்ததும் காற்று வாசனையை எடுத்துக்கொண்டு பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் போய் விசாரித்தது. முன்பென்றால் ஷைனி முகத்தைச் சுளித்து மூடியை மூடியிருப்பாள். அன்று இன்னொரு கை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஒருவேளை பசியாக இருக்கலாம். நான் அதற்கெல்லாம் அர்த்தம் தேடவில்லை.

படுக்கும் நேரம் தேவா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் மெஷினின் வயரை எடுத்தேன். "அம்மா, வெயிட்" என்றாள் ஷைனி. பையைத் துழாவி, பல்பை எடுத்து இணைப்பில் மாட்டினாள். மஞ்சளாக எரிந்தது. "இப்ப ஓகே" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூச்சை எண்ண உட்காரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், நானும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வேனின் கண்ணாடி முழுக்க வெயில். மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. தேவா வாயைத் திறந்தபடி ஒரு கவலையும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார். கன்னத்தில் மாஸ்க்கின் பட்டை பதிந்திருந்தது. அதைத் துடைக்கவோ மறைக்கவோ இல்லாமல் அப்படியே வெளியே வந்து நின்று, கடலைப் பார்த்து ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "நாஷ்டா இன்னா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாவியைத் திருகினேன். ஒரே செல்ஃப்பில் எடுத்தது. அதை அப்படியே பதிவுசெய்து சாம்சனுக்கு அனுப்பிவைத்தேன்.

எங்கள் இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வண்டிக்காரர் வந்தார். பெரிய வண்டி, மேலே படகு, பின்னால் சைக்கிள், ஒன்றும் குறைவில்லை. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜை ஓட்டியிருக்கிறார், வண்டி அசையவில்லை. இவரும் நேராக தேவாவிடம்தான் போனார். உங்கள் வண்டி எடுத்துவிட்டதே, இந்த ஏற்பாட்டை யார் செய்தது, என் பேட்டரியைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். தேவாவின் வாய் நிறையப் பேஸ்ட் நுரை. பதில் சொல்ல முடியாமல் பிரஷ்ஷாலேயே என் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். எலெக்ட்ரிஷியனை இங்கே ஸ்பார்க்கி என்பார்கள்.

"ஆர் யூ எ ஸ்பார்க்கி?"

என் வரி தயாராக இருந்தது. ஐ யூஸ்ட் டு என்று தொடங்க வாயைத் திறந்துவிட்டேன்.

"யெஸ்" என்றாள் ஷைனி, ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே. "ஷி இஸ்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். வண்டியின் பானெட்டைத் திறக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, பையிலிருந்து என் பல்பை எடுத்துக்கொண்டு நடந்தேன்.